கள்ளழகர் படமும் காலண்டர் அச்சகமும்

வணக்கம் சகோதரி. கள்ளழகர் வைகையில் இறங்கியபோது நீங்கள் எடுத்த படத்தைச் சென்னை அச்சகம் ஒன்று கேட்காமலே காலண்டரில் போட்டுவிட்டு, திருவிழா பொதுச்சொத்து, நீங்கள் பதிப்புரிமையைப் பதிவும் செய்யவில்லை என்று வாதிடுவது நியாயமே இல்லை. திருவிழா பொதுதான், அதே கரையில் நின்று, அதே தங்கக்குதிரையை யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம். ஆனால் நீங்கள் தேர்ந்த கோணமும் ஒளியும் தருணமும் சேர்ந்து உருவான அந்தப் படம், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்தபோதே உங்களுடையதாகிவிட்டது. பதிவு கட்டாயமில்லை, சான்றாக உதவும், அவ்வளவே. யாரேனும் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை அவர்களுக்குப் போகும். கேமராவிலுள்ள மூலக் கோப்பை அழிக்காமல், காலண்டர் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அச்சகம் சென்னையில் இருந்தாலும், அதே சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் மதுரையின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம்.