ஜாய்ஸ்டிக்ல நல்லா வர்ற பூம் ஆட்டோ மோடுல ஏன் குதிக்குது?

கேள்வி: பேட்டரில ஓடுற சின்ன லோடர் ஒன்ன ஆட்டோமேட் பண்றோம். ஜாய்ஸ்டிக்ல ஓட்டுனா பூம் (பக்கெட்ட தூக்குற கை) ஸ்மூத்தா வருது. கன்ட்ரோலர்ல இருந்து கமாண்ட் குடுத்தா மொதல்ல அசையவே மாட்டேங்குது, அப்புறம் டக்குனு குதிக்குது, ரொம்ப நேரம் ஓடுச்சுன்னா மந்தமாவும் ஆயிடுது. வால்வ மாத்தணுமா?

பதில்: அவசரப்பட்டு வால்வ கழட்டாதீங்க, நீங்க சொல்றத பாத்தா வால்வு நல்லாத்தான் இருக்கு. இந்த ப்ரொபோர்ஷனல் வால்வுல, அதாவது கரன்ட்டுக்கு ஏத்த மாதிரி ஆயில் விடுற வால்வுல, ஸ்பூல் (உள்ள நகர்ற தண்டு) நடுவுல நிக்கும்போது ஆயில் கசியக்கூடாதுன்னு போர்ட்ட கொஞ்சம் சேத்தே மூடி வெச்சிருப்பாங்க, அந்த தூரத்த தாண்டுற வரைக்கும் கரன்ட் குடுத்தாலும் ஆயில் போகாது, இதுதான் டெட்பேண்ட். ஆள் ஓட்டும்போது பூம் அசையலன்னா கை தானா இன்னும் கொஞ்சம் தள்ளிடும், அதனால யாருக்கும் தெரியறதில்ல. கன்ட்ரோலர்ல பிஐடியோட (பிழைய பாத்து கமாண்ட திருத்துற கணக்கு) இன்டெக்ரல், அதாவது அதுவரைக்குமான பிழையோட கூட்டல், சேந்துகிட்டே போய், டெட்பேண்ட தாண்டுன நிமிஷம் மொத்தமா வெளிய வருது, நீங்க பாக்குற குதிப்பு அதான்.

மந்தமாகுறதுக்கு பெரும்பாலும் காயில் (ஸ்பூல தள்ளுற செம்புக் கம்பி சுருள்) சூடுதான் காரணம். செம்போட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும், 20 டிகிரில இருந்து 80க்கு போனா கிட்டத்தட்ட 24 சதவீதம். பிடபிள்யூஎம் டூட்டிய (சப்ளைய வேகமா ஆன்-ஆஃப் பண்றப்ப ஆன்ல இருக்குற பங்கு) மட்டும் செட் பண்ணி விட்டிருந்தீங்கன்னா அதே டூட்டிக்கு கரன்ட் குறைஞ்சிடும், ஸ்பூல தள்ளுறதே கரன்ட்தான். அதனால கரன்ட அளந்து திருத்துற டிரைவர் போடுங்க, இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. ஸ்பூல் ஒட்டாம இருக்க டித்தரும் (கரன்ட்ல குடுக்குற சின்ன அதிர்வு) வேணும், அளவு வால்வு டேட்டாஷீட்ல இருக்கும்.

அப்புறம் ஆயில் வேலை சூட்டுக்கு வந்ததும், பூம் பக்கத்துல யாரும் நிக்காம பாத்துக்கிட்டு, கரன்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எந்த மில்லியாம்ப்ல அசைய ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கோங்க. பூம ஏத்துறதுக்கு தனியா, எறக்குறதுக்கு தனியா எடுக்கணும், ரெண்டும் ஒண்ணா இருக்காது. கமாண்ட் வந்ததும் கன்ட்ரோலர் நேரா அந்த கரன்ட்டுக்கு போயிட்டு அங்கிருந்து ஏறணும், பூம்ல ஆங்கிள் சென்சார் கண்டிப்பா இருக்கணும்.

எலக்ட்ரிக் மெஷின்ல இன்னொண்ணு முக்கியம், வால்வ மட்டும் கன்ட்ரோல் பண்ணிட்டு பம்ப்ப ஒரே ஸ்பீடுல ஓட விடாதீங்க. பாரையும் (ஆயில் அழுத்தத்தோட அளவு) நிமிஷத்துக்கு எத்தன லிட்டர்ங்கிறதையும் பெருக்கி 600ல வகுத்தா கிலோவாட். பம்ப் 200 பார் குடுக்குது, லோடுக்கு 120 போதும்னா, 30 லிட்டர் ஓட்டத்துல மிச்ச 80 பார், அதாவது 4 கிலோவாட், வால்வுலயே சூடா போயிடும். அது முழுக்க பேட்டரி சார்ஜ். எவ்வளவு ஆயில் வேணும்னு கணக்கு போட்டு மோட்டார் ஆர்பிஎம்மும் வால்வும் சேந்தே ஏறி இறங்குற மாதிரி ப்ரோக்ராம் எழுதுங்க, ஆனா பம்ப்போட மினிமம் ஆர்பிஎம்முக்கு கீழ இறக்காதீங்க.

எமர்ஜென்சி ஸ்டாப்ப சாஃப்ட்வேர நம்பி விடவே விடாதீங்க, அது காயில் சப்ளைய நேரடியா கட் பண்ணணும், கேன் மெசேஜ் (கன்ட்ரோலர் கேன் பஸ் வயர்ல அனுப்புற கமாண்ட்) நின்னாலும் வால்வு தானா நடுவுக்கு வரணும். ஸ்பூல் நடுவுக்கு வந்தாலும் உள்கசிவுல பூம் மெதுவா எறங்கலாம், ஹோஸ் வெடிச்சா மொத்தமா விழும், அதனால சிலிண்டர்லயே லோட் ஹோல்டிங் வால்வு (ஆயில சிலிண்டர்லயே பிடிச்சு வெக்கிற வால்வு) இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா ஆட்டோ மோட ஆன் பண்ணுங்க.