28ஆவது மாவோரி பட்டாலியன்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களைக் கொண்டு அமைந்த காலாட்படைப் பிரிவைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: நியூசிலாந்தில் அப்போது கட்டாய ராணுவச் சேவை இருந்ததே. இதை எப்படித் தன்னார்வப் படை என்கிறீர்கள்?

பதில்: 1940இல் வந்த கட்டாயச் சேவை மாவோரி மக்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே இதில் பணியாற்றிய ஏறத்தாழ 3,600 பேரும் தாமாக முன்வந்தவர்களே. குடிமக்களாகச் சமமாக மதிக்கப்பட வேண்டுமானால் அதற்குரிய விலையைப் போர்க்களத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் அப்பிரானா ஙாட்டா வாதாடினார். (இப்பெயரைத் தமிழின் ஙகரத்தால் பிழையின்றி எழுத முடிவதில் எனக்கு மகிழ்ச்சி.) எல்லாரும் அதை ஏற்கவில்லை. 1860களில் அரசு பறித்த நிலத்தை மறக்காத வைக்காட்டோ குலத்தாரிடம் தயக்கம் ஆழமாக இருந்தது; அத்தயக்கம் முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து.

கேள்வி: ஒரே ஊர்க்காரர்களை ஒரே கம்பெனியில் (பட்டாலியனின் உட்பிரிவில்) வைத்தது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான், ஆனால் இந்தப் பட்டாலியனின் வலிமையும் அதிலிருந்தே வந்தது. ஏ கம்பெனி வடகோடிக் குலங்களுடையது. அங்கே கவுரி மரப் பிசினைத் தோண்டி எடுப்பது பிழைப்பு என்பதால் ‘பிசின் தோண்டிகள்’ என்று அழைக்கப்பட்டார்கள். ரொட்டோருவாப் பகுதியின் பி கம்பெனிக்குச் ‘சல்லிக்காசுக்கு முக்குளிப்பவர்கள்’ என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் ஆற்றில் எறியும் காசை அவ்வூர்ச் சிறுவர்கள் குதித்து எடுப்பது வழக்கம். கிழக்குக் கரையின் சி கம்பெனியினர் குதிரையேறிப் பழகிய ‘கௌபாய்கள்’. மற்றப் பகுதியினர் டி கம்பெனியில் சேர்ந்தார்கள். பக்கத்தில் நிற்பவன் சித்தப்பா மகனாகவோ மைத்துனனாகவோ இருக்கும்போது, ஒருவன் பின்வாங்கினால் அச்செய்தி அவனுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு கம்பெனி ஓரிரவில் சிதைந்தால், சாவுத் தந்திகளும் ஒரே பள்ளத்தாக்கின் வீடுகளுக்கே வரிசையாகப் போயின. போர் முடிவதற்குள் 649 பேர் உயிரிழந்தார்கள்.

கேள்வி: கிரீட் தீவுச் சண்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 1941 மே 27 அன்று, பின்வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ‘42ஆம் தெரு’ என்று படையினர் அழைத்த பாதையருகே, ஆலிவ் தோப்புகளுக்குள் இவர்களும் மற்ற நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் படையினரும் துப்பாக்கியில் கத்தியைப் பொருத்திக்கொண்டு பாய்ந்து, ஜெர்மானியரைத் துரத்தினார்கள். அதனால் பின்வாங்கும் படைக்குச் சற்று அவகாசம் கிடைத்தது.

கேள்வி: இத்தாலியின் கசீனோ ரயில் நிலையத்தைப் பிடித்த பிறகும் ஏன் விட்டு வந்தார்கள்?

பதில்: 1944 பிப்ரவரி 17 இரவு ஏ, பி கம்பெனிகளைச் சேர்ந்த சுமார் 200 பேர், நீர் தேங்கிய வயல்களுக்கு நடுவே மேடாகச் செல்லும் ரயில்பாதை வழியாக முன்னேறி நிலையத்தைக் கைப்பற்றினார்கள். டாங்கிகள் வருவதற்கும் அந்த மேடு ஒன்றுதான் வழி. ஜெர்மானியர் அதைப் பல இடங்களில் தகர்த்திருந்தார்கள். பொறியாளர்கள் இரவெல்லாம் அந்த உடைப்புகளை அடைத்தும், வேலை முடிவதற்குள் விடிந்துவிட்டது. மறுநாள் முழுவதும் புகைத்திரையின் மறைவில் காத்திருந்தவர்கள் மீது, பிற்பகலில் டாங்கிகளோடு எதிர்த்தாக்குதல் வந்தபோது, அவற்றைத் தடுக்கும் பீரங்கி ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. சுமார் 130 பேர் இறந்தோ காயமுற்றோ சிறைப்பட்டோ போனார்கள். இதைப் படையினரின் தோல்வி என்று எழுதுவோரை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்றவர் ஒருவர்தானா?

பதில்: ஆம். சி கம்பெனியின் மோவானா ஙாரிமு, 1943 மார்ச் 26 அன்று துனீசியாவின் தெபாகா கணவாயில் ஒரு குன்றைப் பிடித்து, இருமுறை காயம்பட்டும் இரவு முழுக்க அதை விடாமல் காத்து, மறுநாள் காலையில் உயிர்நீத்தார். அக்குன்றுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ஹிக்குராங்கி. அது தங்கள் ஊரில் அவர்கள் புனிதமாகப் போற்றும் மலையின் பெயர்.

கேள்வி: ஹானே மானாஹிக்கு அது ஏன் மறுக்கப்பட்டது?

பதில்: அடுத்த மாதமே தக்ரூனா என்ற செங்குத்துப் பாறையில் சிலரோடு ஏறி அதைக் கைப்பற்றிய சார்ஜென்ட் அவர். தளபதிகள் பலர் பரிந்துரைத்தும், ஒரு படி தாழ்ந்த விருதே கிடைத்தது. 1986இல் அவர் இறந்த பிறகும் அவருடைய மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2007இல் ரொட்டோருவாவில், எலிசபெத் அரசியாரின் சார்பாக அவருடைய குடும்பத்தாரிடம் ஒரு கடிதமும், தேவாலயப் பீடத்துக்கான துணியும், ஒரு வாளும் ஒப்படைக்கப்பட்டன. சிலுவை மட்டும் வரவில்லை.