‘புண்’ என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கலாமா?

கேள்வி: டொரண்டோவில் வசிக்கிறோம். 67 வயதான அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். தசைவரை பரவவில்லை, கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அடுத்தது பி.சி.ஜி. சிகிச்சை. அதோடு புதிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் சோதிக்கும் ஆய்வில் சேரச் சம்மதமா என்று மருத்துவர் கேட்கிறார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்கிறேன். ‘பையில் புண்’ என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன். அவரைச் சோதனை எலியாக்கலாமா?

பதில்: எலி பயத்தை முதலில் விடுங்கள், அம்மா. மாடர்னா, மெர்க் என்ற மருந்து நிறுவனங்கள் தொடங்கிய இத்தகைய ஆய்வில் எல்லோருக்கும் பி.சி.ஜி. உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் தடுப்பூசி கூடுதலாகக் கிடைக்கும்; யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். உங்கள் மருத்துவர் சொல்லும் ஆய்வும் இப்படித்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைப் பருவத்தில் நம் கையில் தழும்பு வைத்த காசநோய்த் தடுப்பூசிதான் இந்த பி.சி.ஜி. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்திலேயே, கிங்ஸ்டன் நகரில், டாக்டர் ஆல்வரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் அதைச் செலுத்திப் பார்த்து 1976-இல் முடிவை வெளியிட்டார். அந்த ஒன்பது பேர் சம்மதித்ததன் பலனை இன்று உங்கள் அப்பா பெறப்போகிறார்.

புதிய ஊசி, அவரவர் கட்டியின் மரபணுப் பிழைகளைப் படித்து, 34 வரை தேர்ந்து, அவற்றை உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் காட்ட அவருக்கென்றே தயாரிப்பது. தோல் புற்றுநோயில் 157 பேரிடம், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துடன் சேர்த்தபோது, நோய் திரும்புவது அல்லது இறப்பதற்கான வாய்ப்பு 44 சதவீதம் குறைந்தது. அதே பலன் சிறுநீர்ப்பையிலும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பான்வாக் என்ற வேறொரு புற்றுநோய்த் தடுப்பூசியை முன்பு பி.சி.ஜி.யோடு சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் தெரியவில்லை.

என்னை வருத்துவது அந்தப் ‘புண்’தான். வாரம் ஒருமுறை, ஆறு வாரம், குழாய் வழியாக மருந்தை ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரம், உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச் ஊற்றிப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எரிச்சலும் காய்ச்சலும் வரலாம். புண்ணுக்கு இவ்வளவு எதற்கு என்று யோசிக்காத மனிதரா உங்கள் அப்பா? அவர் ஏற்கெனவே ஊகித்திருப்பார். உங்கள் முகம் வாடக் கூடாதென்று கேட்காமல் இருப்பார்.

இந்தக் கையெழுத்து அவருடையது. நோயின் பெயர் தெரியாமல் அவர் போடுவது சம்மதமே ஆகாது. அன்பினால்தான் மறைத்தீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் மொழிபெயர்ப்பவரே விஷயத்தை வடிகட்டினால் மருத்துவரின் குரல் அவரை எப்படிச் சென்றடையும்?

இந்த வார இறுதியில் வீட்டில் வைத்து நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் மகளாக மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். ஊசி தயாராகும்வரை பி.சி.ஜி. தள்ளிப்போகுமா, கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், பக்கவிளைவு வந்தால் இரவில் யாரை அழைப்பது என்று அப்பாவே கேட்கட்டும். நடுவில் எந்த நாளும் அவர் விலகலாம்; வழக்கமான சிகிச்சை நிற்காது. அதையும் அவர் காதால் கேட்கட்டும்.