அத்தானோடு பாரிசுக்கு உழக்கலாமா?

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கும் அத்தான் வருகிற ஜூன் மாதம் தன்னோடு லண்டனிலிருந்து பாரிசுக்குச் சைக்கிளில் வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். எனக்கு வயது 34. நிலாவெளியிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு வேலைக்குச் சைக்கிளில்தான் வந்துபோகிறேன். என்னால் முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
- நிலாவெளி வாசகர்

பதில்: முடியும் தம்பி. நிலாவெளியிலிருந்து தினமும் உழக்குகிற காலுக்குத் தூரம் பெரிய விஷயமே இல்லை. விசாதான் விஷயம். நம்முடைய பாஸ்போட்டுக்கு இங்கிலாந்து விசா வேறு, பிரான்சுக்குப் போக ஷெங்கன் விசா வேறு. ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்துக்கு 3 மாதம் முன்புதான். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கும் அத்தாட்சி கேட்பார்கள். “எங்கேயாவது கூடாரம் அடிப்போம்” என்று அத்தான் சொல்லுவார். அவருக்கென்ன, பிரிட்டிஷ் பாஸ்போட் வைத்திருப்பார். பாரிசில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால், அவர் தன் நகரசபையில் எடுத்த அழைப்புப் பத்திரத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.

பாதைக்கு நீங்கள் மண்டையை உடைக்க வேண்டாம். அவென்யூ வேர்ட் என்று ஒரு சைக்கிள் பாதை 2012இல் திறந்தார்கள். லண்டன் ஐ ராட்டினத்தடியில் தொடங்கி நோத்ர்டாம் தேவாலயத்தில் முடியும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நான் குரொய்டனில் இருந்த காலத்தில் ஓடிய பாதை என்பதால் ஒன்றைத் துணிந்து சொல்வேன்: இங்கிலாந்துப் பக்கம் நீளத்தில் குறைவு, ஆனால் காலைப் பிழிந்துவிடும். லண்டனைத் தாண்டியதும் குட்டிக் குட்டியாய்ச் செங்குத்தான ஏற்றங்கள், ஒன்று முடிய மற்றது. நடுவில் பழைய ரயில் பாதைகளைச் சைக்கிளுக்கு மாற்றிய துண்டுகள் வரும். ஆறுதலாய் மூச்சு விடுவது அங்கேதான். அந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் கேளுங்கள். அத்தான் இரண்டு நாள் போதும் என்பார், விடாதீர்கள்.

நாள் கணக்கைக் கப்பலிலிருந்து முன்னும் பின்னுமாகப் போடுங்கள். இங்கிலாந்துக் கரையில் இருக்கும் நியூஹேவனிலிருந்து பிரான்சுக் கரையில் இருக்கும் தியெப்புக்குக் கப்பல் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். கப்பலுக்கு முந்தின நாள் இரவே நியூஹேவனில் போய்ப் படுத்துவிட்டு, அடுத்த நாள் கப்பலுக்கு ரிக்கற் எடுங்கள். அன்றைக்கே ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று நினைத்தால், ஒரு ரயர் காற்றுப் போனாலே கதை முடிந்தது. கார் வரிசையில் சைக்கிளோடு நிற்கவிட்டு, பிறகு கப்பலின் அடித்தளத்துக்குள் உருட்டிக்கொண்டு போகச் சொல்லுவார்கள். எண்ணெய் மணக்கும் இரும்புத் தளம், மழை நாளில் வழுக்கும். சுவரோரக் கம்பியில் கயிற்றால் கட்டிவிட்டு மேலே போகவேண்டும். பயண நேரத்தில் கீழே இறங்க விடமாட்டார்கள். அதனால் பாஸ்போட், காசு, குளிருக்குப் போடுகிற சட்டை மூன்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

தியெப்பில் இறங்கியதும் ரோட்டின் வலப்பக்கம். முன்னால் வாகனம் போகும்போது தானாகச் சரிவரும். விடியற்காலை வெறும் ரோட்டில் தனியே ஏறும்போதுதான் பழக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும். பலகையோ கோடோ இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருகிறவருக்குத்தான் முன்னுரிமை, சின்ன ஒழுங்கையால் வந்தாலும் சரி. இதை இரண்டு நாளாவது மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடுங்கள்.

அதன் பிறகு சுகம். தியெப்புக்குப் பக்கத்திலிருந்து ஃபோர்ஜ்-லே-சோ வரைக்கும் பழைய தண்டவாளத் தடத்தில் தார் போட்ட பாதை, வாகனமே இல்லை. வழியில் நெஃப்ஷாத்தெல் ஊரில் இதய வடிவத்தில் சீஸ் விற்பார்கள், வாங்குங்கள். கூர்னேக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். போவே பக்கம் பெரிய தேவாலயம் இருக்கிறது, ஜிசோர் பக்கம் தூரம் குறைவு. நான் ஜிசோர் பக்கம்தான் சொல்வேன். ஞாயிறு பின்னேரமும் திங்களும் கிராமங்களில் பல கடைகள் பூட்டுத்தான், பாணும் பழமும் பையில் இருக்கட்டும். பாரிசில் படம் எடுத்து முடிந்ததும் லா ஷப்பெல் பக்கம் போனால் நம்முடைய சாப்பாட்டுக் கடைகள்.

பயிற்சியை மாரி ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்குங்கள். சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டுக் குச்சவெளி, பிறகு புல்மோட்டை என்று தூரத்தைக் கூட்டுங்கள். அந்த ரோட்டில் ஏற்றம் இல்லாததால், கரியரில் 10 கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு உவர்மலைக்கும் கோணேசர் கோயிலடிக்கும் திரும்பத் திரும்ப ஏறுங்கள். சனி ஓடினால் ஞாயிறும் ஓடவேண்டும். முதல் நாள் எவருக்கும் சுகம்தான். இரண்டாம் நாள் காலையில் சீற்றில் குந்தும்போதுதான் ஆள் தெரியும்.

கேள்வி: வெளிநாட்டுக்குப் போனால் நம்முடைய சைக்கிளையே விமானத்தில் கொண்டுபோகலாமா?
- கிண்ணியா வாசகர்

பதில்: கொண்டுபோகலாம். பெட்டி, கழற்றிப் பூட்டுகிற வேலை, விமானக் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அங்கே வாடகைக்கு எடுப்பது மேல். சீற்றை மட்டும் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். பழகிய சீற்றை வாடகைக் கடையில் வாங்க முடியாது.

கேள்வி: அண்ணா, விசாவும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். கிழக்கு மாகாணத் தலைநகரிலிருந்து வடக்கு மாகாணத் தலைநகருக்கு, அதாவது இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு, நாங்கள் மூன்று பெண்கள் ஓட நினைக்கிறோம். எத்தனை நாள்?
- மூதூர் வாசகி

பதில்: கேட்கவே சந்தோஷம் தங்கச்சி. மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, அடுத்த நாள் ஏ9 ரோட்டில் கிளிநொச்சி, மூன்றாம் நாள் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம். ஆடியில் போனால் கச்சான் காற்று முதல் நாள் முழுக்க முகத்தில் அடிக்கும். மாசி, பங்குனி நல்லது. ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, விடிந்து வெளிச்சம் வந்த பிறகே வெளிக்கிட்டு, பொழுதுபட முன்னம் வவுனியாவுக்குள் போய்விடுங்கள். அறையை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முன்னமே சொல்லி வையுங்கள், சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள்.