கோழி கொத்தட்டும், நாய் வாலாட்டட்டும்

கேள்வி: மூன்றாம் வகுப்பில் 34 பிள்ளைகள். எந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து வரையச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னைமரம்தான் வருகிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: ‘பாட்டுக்கு ஏற்ற படம்’ என்றால் கைக்குப் பழகியதுதான் வரும். முழுப் பாட்டையும் தராதீர்கள். ஒரு வரி போதும். அதிலும் வினைச்சொல்லைப் பிடியுங்கள். பாரதியின் பாப்பா பாட்டு இதற்கு வாகானது. அதில் கோழி சும்மா நிற்பதில்லை, கொத்தித் திரிகிறது; நாய் வாலைக் குழைத்து வருகிறது. படம் எதுவும் காட்டாமல் வரியை இரண்டு முறை வாசியுங்கள். பாடப்புத்தகப் படத்தைக் காட்டிவிட்டால் 34 பேரும் அதையே பார்த்து வரைவார்கள். பிறகு எழுந்து நின்று கோழிபோல் கொத்திக் காட்டட்டும். கழுத்து எவ்வளவு குனிகிறது, பின்பக்கம் எப்படித் தூக்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்தபின் பென்சிலைக் கொடுங்கள்.

நாய்க்கு அசையும் வாலே வைத்துவிடலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். உடல் 12 செ.மீ., வால் தனியாக 9 செ.மீ. வாலில், அடியிலிருந்து 3 செ.மீ. தள்ளித் துளை, அந்த 3 செ.மீ. உடலுக்குப் பின்னால் மறைந்திருக்கும், பிடித்து ஆட்டுவதற்கு. உடலில் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே துளை. இன்னும் ஓரமாகப் போனால் கிழிந்துவிடும். சாக்கு ஊசியால் துளையிடும் வேலை உங்களுடையது. தடித்த நூலைக் கோத்து இருபக்கமும் முடிச்சுப் போடுங்கள். பெரும்பாலும் முடிச்சு இறுகித்தான் வால் அசையாமல் போகிறது. அட்டைகளுக்கு நடுவே தீக்குச்சியைச் செருகி வைத்து முடிச்சிட்டு, அப்புறம் உருவிவிட்டால் போதிய தளர்வு கிடைக்கும்.

கேள்வி: மழைப் பாட்டுக்கு வெள்ளை மெழுகுக் கிரையானால் கோடு போட்டு, மேலே நீல வண்ணம் பூசச் சொன்னேன். கோடுகள் தெரியவே இல்லை, தாளும் சுருண்டுவிட்டது.
– கலை ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: போஸ்டர் கலரைக் கெட்டியாகப் பூசியிருப்பீர்கள். அது ஒளி ஊடுருவாத வண்ணம், மெழுகையும் மூடிவிடும். வில்லை வாட்டர் கலரே நல்லது. போஸ்டர் கலர்தான் இருக்கிறதென்றால், செய்தித்தாள் துண்டில் பூசினால் கீழே எழுத்து தெரியும் அளவுக்கு நீர்க்க வேண்டும். கிரையானை அழுத்தி, ஒரே கோட்டின்மேல் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். மெல்லிய கோட்டில் மெழுகுப் படலம் விட்டுவிட்டு இருப்பதால் நீர் புகுந்துவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு போட்டவருக்கே தெரியாது என்பதால், தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

தாள் சுருள்வது ஜெராக்ஸ் தாளின் குணம். அது 70–80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தான். 150-க்கு மேற்பட்ட டிராயிங் தாளை நான்கு ஓரமும் டேப்பால் பலகையோடு ஒட்டி, முழுதும் உலர்ந்தபிறகே எடுங்கள்.

கேள்வி: பாட்டு வரியைப் படத்தின் மேலேயே எழுதலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். ஈரம் காயாத இடத்தில் ஸ்கெட்ச் பேனா ஊறிப் பரவும். ஓர் எழுத்துப் பிழை வந்தால் பிள்ளை படத்தையே கசக்கிப் போட்டுவிடும். 4 செ.மீ. அகலத் தாள் பட்டையில் எழுதி, கீழே ஒட்டச் சொல்லுங்கள்.