வெப்சைட் ஒரு கம்பெனி, மெயில் வேற கம்பெனி: ஒரே டொமைன்ல ரெண்டையும் வச்சுக்கலாமா?

தாராளமா வச்சுக்கலாம். புது வெப்சைட் போட்டுத் தர்றவர் "மெயிலையும் எங்க ஹோஸ்டிங்குக்கே மாத்திடுங்க, இல்லன்னா சைட் லைவ் போகாது"ன்னு சொல்றார், அது நிஜமான்னு கேட்டிருக்கீங்க. நிஜம் இல்ல. மெயிலுக்குன்னு எம்எக்ஸ்னு ஒரு தனி ரெக்கார்ட் டிஎன்எஸ்-ல (டொமைன் பேரைக் கேட்டா எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற அட்டவணை) 1986-லேர்ந்து இருக்கு, அதாவது வெப்சைட்டுன்னு ஒண்ணு உலகத்துல வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. பேரு ஒண்ணா இருந்தாலும் மெயில் மட்டும் வேற மெஷினுக்குப் போகட்டும்னுதான் அதை வச்சதே. முடியாதுன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்குத் தெரியலைன்னு அர்த்தம், இல்ல உங்க மெயில் காசும் அவருக்கு வேணும்னு அர்த்தம்.

நீங்க சின்ன வியாபாரம் பண்றவங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுதுறேன். டொமைன் வாங்கி ரொம்ப நாளாச்சு, மெயில் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு, சைட்டு மட்டும் பழசாயிடுச்சுன்னு புதுசா போடுறீங்க. அப்படித்தான இருக்கும்? நான் கும்பகோணத்துல உக்காந்துக்கிட்டு பல வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், சுத்துவட்டாரத்துல இருக்கற கடை, அரிசி மில்லு, பாத்திரப் பட்டறை, ஸ்கூலுன்னு என்கிட்ட வர்றவங்க முக்கால்வாசி பேரு இதே நெலமையிலதான் வர்றாங்க.

முதல்ல நாலு விஷயத்தைத் தனித்தனியாப் பிரிச்சுப் பாருங்க, பாதி பயம் போயிடும். டொமைன் பேருக்கு வருஷா வருஷம் காசு கட்டுறீங்களே அது ரெஜிஸ்ட்ரார். அந்தப் பேருக்கான ரெக்கார்ட் எல்லாம் எழுதியிருக்கற எடம் நேம்சர்வர். வெப்சைட் ஃபைலெல்லாம் இருக்கறது ஒரு சர்வர். மெயில்பாக்ஸ் இருக்கறது இன்னொரு சர்வர். நாலும் ஒரே கம்பெனில இருக்கலாம், நாலு கம்பெனில பிரிஞ்சும் இருக்கலாம். சைட்டை மட்டும் மாத்தணும்னா, சைட் இருக்கற சர்வரோட ஐபி அட்ரஸைச் சொல்ற ஏ ரெக்கார்டையும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூக்கு இருக்கற ரெக்கார்டையும் மாத்துனாப் போதும், எம்எக்ஸைத் தொடவே வேண்டாம். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, நேம்சர்வரையே மாத்திடுறாங்க. ஒரு வயலுக்குத் தண்ணி திருப்பி விடணும்னா அந்த மடையைத்தான் வெட்டி விடுவோம், தலைமதகைப் போயி யாராச்சும் மூடுவாங்களா? நேம்சர்வரை மாத்துனா பழைய எடத்துல எழுதி வச்சிருந்த எம்எக்ஸ், டெக்ஸ்ட் ரெக்கார்டு எல்லாமே செல்லாமப் போயிடும், புது எடத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான் செல்லும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு கோவம் வர்ற விஷயம்னா, நாச்சியார்கோவில்ல எனக்குத் தெரிஞ்ச குத்துவிளக்குப் பட்டறை ஒண்ணுல நடந்ததைச் சொல்றேன். பேரெல்லாம் வேண்டாம். பரம்பரையா பண்றவங்க, நல்ல பித்தளை, கனமான வேலைப்பாடு. சிங்கப்பூர், மலேசியா கோயிலு, கடைன்னு வெளில நெறைய போகுது, ஆர்டர் பூரா மெயில்லதான் வரும், அளவு, எடை, மேல அன்னம் வைக்கணுமா வேண்டாமான்னு எல்லாம் அதுலதான் எழுதுவாங்க. மெயில் ஜோஹோங்கற மெயில் கம்பெனில இருந்துச்சு, ஒரு தொந்தரவும் இல்ல. ஐயாவோட பொண்ணுதான் அந்த மெயிலைப் பாக்கும், காலைல எழுந்தா முதல் வேலை அதான்.

ஐப்பசி மாசம், வெளில அடைமழை, கார்த்திகை தீபத்துக்கு ஆர்டர் வந்து குமியற நேரம். வெளியூர்க் கம்பெனி ஒண்ணு புது சைட் போட்டுக் குடுத்துச்சு, கம்பெனி பேரு சொல்லல. சைட்டு அழகா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். மறுநாளே ஐயா போன் பண்றாரு, "தம்பி, மெயிலு பாதி வருது, பாதி வரமாட்டேங்குது, என்னன்னு கொஞ்சம் பாருங்க"ன்னு. சைட் போட்டவங்களைக் கேட்டா "ப்ரொபகேஷன் நடக்குது, 48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க, தானா சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. ப்ரொபகேஷன்னா, மாத்துன ரெக்கார்டு எல்லா எடத்துக்கும் போய்ச் சேர்றது.

நான் பட்டறைக்குப் போனேன். அந்தப் பொண்ணு வாட்ஸப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் காட்டுச்சு, "அண்ணே, மலேசியாக்காரர் அனுப்பியிருக்காரு, அவர் மெயில் திரும்பிப் போயிடுச்சாம்"னு. அதுல 550, நோ சச் யூசர் ஹியர்னு இருந்துச்சு. அதே நேரம் சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தர் அனுப்புன மெயில் நல்லா வந்து உக்காந்திருக்கு. பாத்த உடனே எனக்குப் புரிஞ்சிடுச்சு.

நடந்தது இதான். டாட் காம் டொமைனோட நேம்சர்வர் யாருங்கற தகவலுக்கு டாட் காம் சர்வர்லயே டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கலாம்ங்கற கணக்கு) 172800 செகண்டு, அதாவது ரெண்டு நாளு. ஒரு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன் ரெண்டு நாள் வரைக்கும் பழைய பதிலையே ஞாபகம் வச்சிருக்கலாம். சிங்கப்பூர்ல அவர் மெயில் கம்பெனிக்குப் பழைய நேம்சர்வர்தான் ஞாபகத்துல இருக்கு, அங்க எம்எக்ஸ் ஜோஹோன்னு சரியா இருக்கு, மெயில் வந்துடுச்சு. மலேசியாக்காரருக்குப் புது நேம்சர்வர் தெரிஞ்சுபோச்சு, அங்க ஹோஸ்டிங் கம்பெனி தானாப் போட்ட எம்எக்ஸ் அந்த வெப் சர்வரையே காட்டுது, வெப் சர்வர்ல அப்படி ஒரு மெயில்பாக்ஸே கெடையாது, அதனால தூக்கி வெளில போட்டுடுச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க, 48 மணி நேரம் காத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? சரியாகியிருக்காது, வந்துக்கிட்டு இருந்த பாதியும் நின்னுருக்கும்! காத்திருங்கன்னு சொல்றது எவ்வளவு தப்பான பதில்னு இதுலேர்ந்து தெரிஞ்சுக்கோங்க.

இன்னொண்ணும் சொல்லணும். மெயில் சர்வர் சும்மா படுத்துக் கெடந்தாக்கூட இவ்வளவு நஷ்டம் இல்ல. சர்வர் கெடைக்கலைன்னா அனுப்புறவன் பக்கம் மெயிலை வரிசைல வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், பொதுவா நாலஞ்சு நாள் வரைக்கும் விடாது. தப்பான சர்வருக்குப் போயி அது 550ன்னு சொல்லிடுச்சுன்னா, அத்தோட முடிஞ்சுது, மறுபடி அனுப்பாது. அதுக்குள்ள எத்தனை பேரு "சரி, இவங்க கடைய மூடிட்டாங்க போல"ன்னு வேற எடம் பாத்துருப்பாங்களோ, அதைக் கணக்கெடுக்க வழியே இல்ல. வருஷம் பூரா மண்ணைப் பிசைஞ்சு அச்சு எடுத்து உருக்கி ஊத்தி கடைஞ்சு மெருகு போட்டு உழைக்கிறவங்க, அவங்களுக்குக் கார்த்திகைதான் சீசன். அதுல போயி இப்படிப் பண்ணலாமா?

நான் நேம்சர்வரைப் பழையபடி மாத்தல. மாத்துனா மறுபடி ரெண்டு நாள் அதே கூத்து. புது நேம்சர்வர்லயே ஜோஹோவோட எம்எக்ஸ் மூணையும் எழுதுனேன், எம்எக்ஸ் டாட் ஜோஹோ டாட் இன் 10, எம்எக்ஸ்2-க்கு 20, எம்எக்ஸ்3-க்கு 50. நம்பர் கம்மியா இருக்கறதுக்குத்தான் முதல் மரியாதை, அது கெடைக்கலைன்னாதான் அடுத்தது. தானா வந்த எம்எக்ஸை அழிச்சாச்சு. பழைய நேம்சர்வர்ல இருந்த ஏ ரெக்கார்டையும் புது சைட் ஐபிக்கு மாத்திட்டேன். இப்ப எவன் எங்க கேட்டாலும் ஒரே பதில்தான் கெடைக்கும். தப்பான எம்எக்ஸுக்கு டிடிஎல் 14400, அதாவது 4 மணி நேரம், அதுக்குள்ள எல்லா எடத்துலயும் தெளிஞ்சிடும். அன்னிக்கு ராத்திரியே மலேசியாக்காரர் மறுபடி அனுப்பி மெயில் வந்துடுச்சு, அந்தப் பொண்ணு எனக்கு போன் பண்ணிச் சொன்னப்ப பின்னாடி ஐயா குரலும் கேட்டுச்சு.

அதோட முடியல. சைட்ல "தொடர்புக்கு"ன்னு இருக்கற ஃபார்ம்ல எழுதுனா மட்டும் மெயில் வரல. வெளிலேர்ந்து வர்றது வருது, சொந்த சைட்லேர்ந்து வர்றது காணோம். இது சிபேனல்ங்கற கன்ட்ரோல் பேனல் வச்சிருக்கற ஹோஸ்டிங்ல நெறைய பேருக்கு நடக்கும், யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த வெப் சர்வர் இந்த டொமைனோட மெயில் நம்மகிட்டதான்னு நினைச்சுக்கிட்டு, வெளில எம்எக்ஸ் கேக்காமயே உள்ளுக்குள்ள போட்டுக்கும். சிபேனல்ல இமெயில் ரூட்டிங்னு ஒண்ணு இருக்கும், அதை லோக்கல்லேர்ந்து ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சருக்கு மாத்துங்க, சரியாயிடும். டிஎன்எஸ்-ல எவ்வளவு தேடுனாலும் இந்தத் தப்பு கண்ணுல படாது.

அப்புறம் எஸ்பிஎஃப். உங்க பேருல மெயில் அனுப்ப யாருக்கெல்லாம் உரிமைன்னு சொல்ற டெக்ஸ்ட் ரெக்கார்ட் அது. ஹோஸ்டிங்காரன் ஒண்ணு போட்டிருப்பான், மெயில் கம்பெனி ஒண்ணு போடச் சொல்லும், ரெண்டையும் அப்படியே வச்சிடாதீங்க. ஒரு பேருக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப்தான் இருக்கணும், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. ஒரே வரில ரெண்டு இன்க்ளூடையும் (இவங்களுக்கும் உரிமை உண்டுன்னு சொல்ற பகுதி) சேத்து எழுதணும், அதைச் சரிபார்க்க டிஎன்எஸ்-ல தேடுற லுக்அப் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. டிகிம் சாவியும் (மெயில்ல இருக்கற டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கறது) பழைய எடத்துலேர்ந்து எடுத்துட்டு வரணும், நீளமான சாவியை சில பேனல் பாதில வெட்டிடும், போட்டப்புறம் முழுசா இருக்கான்னு பாத்துக்கோங்க. 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயிலுக்கு அனுப்புற எல்லாரும் எஸ்பிஎஃப், டிகிம் ரெண்டுல ஒண்ணாவது வச்சிருக்கணும்னு கூகுள் சொல்லிடுச்சு, ஒரு நாளைக்கு 5000-க்கு மேல அனுப்புறவங்கன்னா ரெண்டும் வேணும், இந்தச் சோதனைல தேறாத மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற டிமார்க்கும் வேணும். நமக்கு அவ்வளவு மெயில் இல்லைன்னாலும் மூணையும் போட்டு வைங்க, காசா பணமா.

இப்ப கமெண்ட்ல வந்து "எல்லாம் ஒரே எடத்துல வச்சா ஈசிதான, எதுக்கு இவ்வளவு தலைவலி"ன்னு கேப்பீங்க. கேளுங்க. ஒரே எடத்துல வச்சவங்க ஹோஸ்டிங் புதுப்பிக்க மறந்தாங்கன்னா சைட்டும் போகும், மெயிலும் போகும். சைட்ல எவனாச்சும் புகுந்து ஸ்பேம் அனுப்புனா அந்த சர்வர் ஐபி கெட்ட பேரு வாங்கிடும், உங்க இன்வாய்ஸும் அடுத்தவன் ஸ்பேம் ஃபோல்டருக்குத்தான் போகும். மெயிலைத் தனியா நல்ல எடத்துல வச்சிட்டா சைட்டை வருஷத்துக்கு ஒரு தடவைகூட மாத்திக்கோங்க, மெயிலுக்கு ஒண்ணும் ஆகாது. நேம்சர்வரை மாத்தவே கூடாதுன்னும் நான் சொல்லல, நேம்சர்வர் சேவை தர்ற க்ளவுட்ஃப்ளேர் மாதிரி எடத்துக்குப் போறதுன்னா மாத்தித்தான் ஆகணும், ஆனா இருக்கற ரெக்கார்டு ஒவ்வொண்ணையும் முன்னாடியே அங்க எழுதிட்டு அப்புறம் மாத்துங்க.

இவ்வளவு எழுதிட்டேன், மனசுல இருக்கறதையும் சொல்லிடுறேன். எங்க பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனா "என்ன தம்பி, இன்னும் ஊர்லயேதான் இருக்கியா"ன்னு கேக்காத ஆளு கெடையாது. மெட்ராஸோ சிங்கப்பூரோ போனாத்தான் வேலை தெரிஞ்சவன்னு ஒரு நெனப்பு. வெளியூர்க் கம்பெனி கேட்ட தொகையைப் பேரம் பேசாமக் குடுப்பாங்க, அவன் கெடுத்து வச்சதைச் சரி பண்ண நான் ஒரு சின்னத் தொகை சொன்னா "கும்பகோணத்துல இருந்துக்கிட்டு இவ்வளவா"ன்னு கேக்குறாங்க. எங்க அப்பா அம்மா இங்க இருக்காங்க, வயலு இங்க இருக்கு, நான் இங்கதான் இருப்பேன். கும்பகோணத்துல உக்காந்து எழுதுனாலும் மவுண்ட் ரோட்டுல உக்காந்து எழுதுனாலும் எம்எக்ஸ் ரெக்கார்ட் ஒண்ணுதான். நாச்சியார்கோவில் ஐயா அப்படிக் கேக்கல, அதையும் சொல்லணும், நான் சொன்ன தொகையைக் குடுத்து வீட்டுல சாப்பிட வச்சுத்தான் அனுப்புனாரு.

சரி, உங்க விஷயம். சைட் போடுறவர்கிட்ட நேம்சர்வர் பேரு கேக்காதீங்க, "ஐபி அட்ரஸ் குடுங்க, நானே ஏ ரெக்கார்ட் மாத்திக்கிறேன்"னு சொல்லுங்க. சில வெப்சைட் கம்பெனி ஐபிக்குப் பதிலா சிநேம் (இன்னொரு பேரைப் போய்ப் பாருன்னு சொல்ற ரெக்கார்ட்) குடுப்பாங்க, அதை டபிள்யூ டபிள்யூ டபிள்யூக்கு மட்டும் போடுங்க, வெறும் டொமைனுக்குப் போடக் கூடாது, சிநேம் இருக்கற பேருல வேற எந்த ரெக்கார்டும் இருக்க முடியாது, எம்எக்ஸ் அடிபட்டுடும். எம்எக்ஸ்ல ஐபியை எழுதாதீங்க, பேருதான் எழுதணும். ரெஜிஸ்ட்ரார் லாகின் உங்க கைல இருக்கா, உங்க மெயில் ஐடி, உங்க போன் நம்பர்லதான் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. அது டெவலப்பர் பேருல இருந்துச்சுன்னா சைட்டைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அதை உங்க பேருக்கு மாத்துங்க. மாத்துறதுக்கு முதல் நாளே ஏ ரெக்கார்டோட டிடிஎல்லை 300 ஆக்கிட்டீங்கன்னா, ஏதாச்சும் தப்பானாலும் அஞ்சு நிமிஷத்துல பழையபடி திருப்பிக்கலாம். எல்லாத்துக்கும் முன்னாடி இப்ப இருக்கற ரெக்கார்டுப் பக்கம் பூராத்தையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

எடுத்தப்புறம் எம்எக்ஸ் வரிகளையும் எஸ்பிஎஃப் வரியையும் கீழ கமெண்ட்ல போடுங்க, பாத்துச் சொல்றேன். பாஸ்வேர்டு மட்டும் யார் கேட்டாலும், நான் கேட்டாலும், குடுக்காதீங்க.