ஏழு வயசுப் பையன் தியானத்துல உட்கார மாட்டேங்கிறான் – பதில்

சகோதரி, ஏழு வயசுப் பிள்ளையைக் கண்ணை மூடிப் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னா நெளியத்தான் செய்வான். அதை வச்சே கவனக்குறைபாடுன்னு முடிவு கட்டாதீங்க. ராத்திரி மல்லாக்கப் படுக்க வச்சு, வயித்து மேல அவனுக்குப் பிடிச்ச பொம்மையை வைங்க. மூச்சை இழுத்தா பொம்மை ஏறணும், விட்டா இறங்கணும், கீழே விழக்கூடாது. ரெண்டு நிமிஷம் போதும்.

இன்னொண்ணு, வியட்நாம் துறவி திக் நியட் ஹான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கூழாங்கல் தியானம். நாலு கல், ஒவ்வொரு கல்லும் ஒண்ணைக் குறிக்கும்: பூ, மலை, அசையாத தண்ணி, வெட்டவெளி. ஒவ்வொரு கல்லையும் கையில வச்சுக்கிட்டு, அது குறிக்கிறதை நினைச்சபடி மூணு மூச்சு. கல் பொறுக்குற வேலையை அவன்கிட்டயே விடுங்க, தானா ஆர்வம் வந்துடும் (பாக்கெட்டுல கல்லோட துணி துவைக்க வரும், அது வேற கதை). சேட்டை பண்ணும்போது மட்டும் தண்டனையா “போய் தியானம் பண்ணு”ன்னு சொல்லிடாதீங்க.